டூட்டிக்குப் போகும் பெண்ணுக்கு

மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு வீடுகளில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் இருட்டோடு பஸ் ஏறி வருகிறீர்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் பெட்டியோடு வந்து அந்தந்த வீட்டிலேயே தங்குகிறீர்கள். டயப்பர் மாற்றுவது, மூக்குக் குழாயில் கஞ்சி கொடுப்பது, யூரின் பேக்கைக் காலி செய்வது எல்லாம் ஏஜென்சியில் இரண்டு நாளில் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். கையில் காசில்லாமல் போனாலோ மனசு உடைந்து போனாலோ எங்கே போய் நிற்பது என்பதை யாரும் காட்டித்தர மாட்டார்கள். என் தலை நரைத்தது இந்தத் தெருக்களில்தான், அந்த உரிமையில் சொல்கிறேன். இனிமேல் உங்களில் ஒருத்தியிடம் பேசுவதாக நினைத்து ‘நீ’ என்றே பேசுகிறேன்.

1. சேரும் நாளிலேயே ஒன்று கேட்டுவிடு: பேஷண்ட் தவறிவிட்டால் என் சம்பளம் என்ன ஆகும்?

கேட்க நாக்கு கூசும். அபசகுனமாகப் பேசுகிறாளே என்று நினைப்பார்களோ என்று பயம் வரும். அதனால் குடும்பத்தாரிடம் கேட்காதே, ஏஜென்சியில் கேள். நம் வேலையில் ஒரு கொடுமை உண்டு. இரண்டு வருஷம் குளிப்பாட்டி, சோறூட்டி, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பார்த்த பாட்டி ஒரு விடியற்காலையில் போய்விடுவாள். அன்றைக்கே உன் வேலையும் போய்விடும். ஐஸ் பெட்டிக்குச் சொல்வார்கள், வாத்தியாருக்குப் போன் போகும், மகள் நியூ ஜெர்சியில் டிக்கெட் தேடிக்கொண்டிருப்பாள். உனக்கு அன்று சம்பளம் நின்றுபோனது அந்த வீட்டில் ஒருவர் நினைவிலும் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எழவு வீட்டில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அதனால்தான் முன்கூட்டியே பேசிக்கொள்ளச் சொல்கிறேன். பதினைந்து நாள் சம்பளம் கேள். ஒரு வாரத்துக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள் என்றாலும் சரி, அதை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள். வாயால் சொன்னது பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கூட வராது.

2. வீட்டாரிடம் ஏஜென்சி எவ்வளவு வாங்குகிறது, உனக்கு எவ்வளவு தருகிறது, இரண்டையும் தெரிந்துகொள். இடையில் கமிஷன் எடுப்பது அவர்கள் தொழில், அதில் சண்டையில்லை. ஆனால் அந்தக் கமிஷனுக்குப் பதிலாக உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உன் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். உடம்புக்கு முடியாமல் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் வரும், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியமும் நடக்கும். “நீங்க எங்க ஊழியர் இல்லம்மா, நாங்க ஆள் சேர்த்துவிடுறோம், அவ்வளவுதான்” என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் உனக்குப் பின்னால் யாருமில்லை என்று புரிந்துகொண்டு, அடுத்து நான் சொல்வதைத் தள்ளிப்போடாமல் செய்.

3. நல வாரியத்தில் பதிந்துகொள். தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-ல் தனி வாரியம் வந்தது. பதினெட்டு முதல் அறுபது வயது வரை சேரலாம், பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், மூக்குக் கண்ணாடி, விபத்து, சாவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. தொகைகள் பெரியவை என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அந்த அட்டைதான் அரசாங்கத்தின் கணக்கில் நீ ஒரு தொழிலாளி என்பதற்குச் சாட்சி. 2020 ஊரடங்கில் அப்பார்ட்மெண்ட் கேட்டிலேயே நம்மைத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது வாரியங்களில் பதிந்திருந்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் வந்தது. பதியாதவள் பட்டியலிலேயே இல்லை.

ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், போட்டோ எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போ. வேலைச் சான்று யாரிடம் வாங்குவது என்று தடுமாறினால் வீட்டுப் பணியாளர் சங்கம் எதிலாவது கேள், அவர்களுக்கு இது தினப்படி வேலை. அட்டை வந்த பிறகு புதுப்பிக்கும் தேதியை விட்டுவிடாதே. நம் பெண்களில் பாதிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவையும் அன்றே முடித்துவிடு, அதற்கும் காசு இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று. மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மகனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. கல்லூரியில் சேர்த்த உடனே இதைக் கேட்காமல் வட்டிக்கு வாங்கி பஸ் பாஸும் புத்தகமும் வாங்கிக் கொடுத்த தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சுக்கிறோம்” என்று சொல்பவர்களிடம் சம்பளத் தேதியை முதலில் கேள்.

5. பழைய புடவை, பழைய மிக்ஸி, மிச்ச மருந்து எல்லாம் கொடுப்பார்கள். புடவையை வாங்கிக்கொள், மருந்தைத் தொடாதே. எதையும் சம்பளத்துக்கு ஈடாக வாங்காதே.

6. ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாகச் சேர். ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு கிடைக்கும் வரைக்குமான இடைவெளிக்கு அது. தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் நூறு ரூபாயிலிருந்தே போடலாம். மயிலாப்பூரில் டூட்டி என்றால் கச்சேரி ரோடு தபால் ஆபீஸ் நடக்கிற தூரம்தான். வட்டி அதிகம் தருகிறோம் என்று கூப்பிடுகிற எந்த இடத்துக்கும் போகாதே. இதே மயிலாப்பூரில் 1872-ல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்டில் பென்ஷன் பணத்தைப் போட்டிருந்த பெரியவர்கள் 2024-ல் போட்ட பணம் வரவில்லையென்று போலீஸில் புகார் கொடுத்து நின்றார்கள், அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். படித்தவர்கள், ஆடிட்டர் வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள், அவர்களுக்கே அந்தக் கதி. தீபாவளிச் சீட்டு நடத்தும் பக்கத்து வீட்டு அக்கா நல்லவளாகவே இருக்கலாம். அவள் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்தால் உன் சீட்டுப் பணம்தான் முதலில் கரையும்.

வங்கிக் கணக்கு வைத்திருக்கிறாயல்லவா, அதில் இரண்டு படிவம் நிரப்பு. வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமாவில் விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதியில் எப்படி இறந்தாலும் இரண்டு லட்சம், ஐம்பது வயதுக்குள் சேர வேண்டும். மே மாதக் கடைசியில் அந்தப் பணம் கணக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், இல்லையென்றால் விட்டுப்போகும்.

7. கடன். வீட்டாரிடம் பெரிய அட்வான்ஸ் வாங்காதே. இருபதாயிரம் கையில் வாங்கியவள் அந்த வீட்டில் என்ன நடந்தாலும் வெளியே வர முடியாமல் கிடப்பாள். அவசரம் என்றால் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து வாங்குவது மேல். அதற்குக் கம்மல் இருந்தால் போதும். குழுக் கடன் கொடுக்கும் கம்பெனிகள் வாசலுக்கே வரும். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது என்று போகாதே. மாதத் தவணை எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2022-ல் விதி போட்டிருக்கிறது. வசூலுக்கு வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அசிங்கப்படுத்தினால் அதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003 முதலே இருக்கிறது. இந்த இரண்டையும் சொல்லிப் பார், குரல் இறங்கும்.

8. நகை காணோம் என்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் பலர் வேலையை விடுவதும், தூக்கமில்லாமல் அழுவதும் இதனால்தான்.

ஞாபக மறதி நோய் வந்தவர்களுக்குப் பொருளை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும், ஆனால் பொருள் இருந்தது மட்டும் நினைவிருக்கும். மோதிரத்தைத் தலையணை உறைக்குள் தானே செருகிவிட்டு, அறையில் வேறு யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் எடுத்தார்கள் என்று மனசு முடிச்சுப்போடும். நீதான் அறையில் இருப்பாய். அந்தத் திருட்டுப் பழி நோயின் அறிகுறி. அதைக் கேட்டு நீ அந்தப் பாட்டியிடம் சத்தியம் செய்து என்ன பயன்? “வாங்க பாட்டி, ரெண்டு பேரும் தேடலாம்” என்று சொல்லித் தேடு. பெரும்பாலும் அகப்படும்.

நோயாளி சொல்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். மகனும் மருமகளும் சொன்னால்தான் சிக்கல். அதற்கு முதல் நாளே வேலி போடு. பாட்டி உடம்பில் என்னென்ன நகை இருக்கிறது என்று குடும்பத்தார் முன்னால் போட்டோ எடுத்து அவர்களுக்கே அனுப்பு. பீரோ சாவியைக் கொடுத்தால் வாங்காதே. பாங்க் கார்டின் ரகசிய எண்ணைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள். அறையில் கேமரா வைத்திருக்கிறார்களே என்று வருத்தப்படாதே, இந்த ஒரு விஷயத்தில் அது உன் பக்கம் சாட்சி சொல்லும். நீ உடை மாற்றும் இடத்திலும் தூங்கும் இடத்திலும் மட்டும் அது இருக்கக்கூடாது. அதைச் சத்தமாகவே சொல்.

போலீஸ் வரை போனால் பதறாதே. சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவள் வசிக்கும் இடத்துக்குத்தான் வந்து கேட்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பெண்ணைக் கைது செய்வதற்கும் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. 15100-க்குப் போன் போட்டால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

9. தாத்தா தொடக்கூடாத இடத்தில் தொட்டால் நோயினால் செய்கிறாரா, தெரிந்தே செய்கிறாரா என்று ஆராய்ச்சி செய்துகொண்டு நிற்காதே. அன்றைக்கே ஏஜென்சியில் சொல், ஆண் அட்டெண்டரைப் போடச் சொல். வீட்டில் வேறு ஆண்கள் யாராவது அப்படி நடந்தால் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் வருஷத்துச் சட்டம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் பொருந்தும். மாவட்ட அளவில் அதற்கென்று உள்ளூர்க் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ராத்திரியில் பயமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடு.

10. முதுகை உடைத்துக்கொள்ளாதே. எண்பது கிலோ மனிதரைத் தனியாகத் தூக்கினால் நாற்பது வயதில் நீயே கட்டிலில் கிடப்பாய். அவருக்குக் கீழே குறுக்காக ஒரு பெட்ஷீட்டை விரித்து, அதைப் பிடித்து இழுத்துத் திருப்பு. முட்டியை மடக்கு, இடுப்பை மடக்காதே. வாட்ச்மேனையோ டிரைவரையோ கூப்பிடக் கூச்சப்படாதே. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் திருப்ப வேண்டும் என்பார்கள். இருபத்துநாலு மணி நேர டூட்டியில் ஒரே ஆள் அதைச் செய்தால் அவள் எப்போது தூங்குவாள்? ராத்திரித் திருப்பல் இருக்கும் வீட்டுக்கு இரண்டு ஷிஃப்ட் ஆள் போடச் சொல்லிக் கேட்பது நியாயம், பேஷண்டுக்கும் அதுதான் நல்லது. கையுறை, முகக்கவசம் வாங்குவது வீட்டார் செலவு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொள். ஊசி போடச் சொன்னால் அது நர்ஸ் வேலை என்று சொல்லிவிடு.

11. வாரம் ஒரு நாள் லீவு. சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு 2013 முதல் வார ஓய்வு சட்டமாக இருக்கிறது. இங்கே கேட்டால் “ரிலீவர் கிடைக்கலையே” என்பார்கள். ரிலீவர் தேடுவது ஏஜென்சி வேலை. முக்கியமாக மார்கழியில் உஷார். கச்சேரி கேட்க வெளிநாட்டுப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள், வீடு நிறைந்துவிடும், “ஒரு காபி மட்டும் போட்டுடேன்” என்று ஆரம்பித்துப் பத்துப் பேர் பாத்திரம் உன் தலையில் விடியும். மூன்று வாரம் லீவும் கிடைக்காது. நவம்பரிலேயே பேசி வைத்துக்கொள். குறைந்தபட்சக் கூலி என்று 2018-ல் அரசாணை போட்டபோதே வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று கணக்குத் தொடங்கியது. கூடுதல் வேலைக்கு மணிக்கணக்கு உண்டு என்பதை வீட்டார் தெரிந்துகொள்ளட்டும்.

12. உன் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது நீ வேறொருவர் அம்மாவுக்கு நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டிருப்பாய். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு உடைத்துக்கொண்டு வந்தபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் பேஷண்டை மாடிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த பெண்களில் சிலருடைய குடிசையே ஆற்றோரம்தான் இருந்தது. பிறகு அந்தக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறியது, டூட்டி மட்டும் மாறவில்லை. பிள்ளையோடு பேச மாலையில் அரைமணி நேரம் போன் உண்டு என்பதைச் சேரும்போதே சொல்லிவிடு. வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்து வை. அவளுக்கு வெறும் கையோடு நன்றி சொல்லாதே, மாதம் ஏதாவது கொடு.

13. பேஷண்ட் போன பிறகு அழு. “அவங்க உனக்கு யாரு?” என்று கேட்பார்கள், உன் வீட்டிலேயே கேட்பார்கள். பதில் சொல்லத் தேவையில்லை. கிருஷ்ணாம்பேட்டைக்கோ பெசன்ட் நகருக்கோ எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அங்கேயே இரு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போ. குளிப்பாட்டும்போது கூப்பிட்டால் கை கொடு, அந்த உடம்பை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இருக்க மாட்டார்கள். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடு. கூப்பிடவில்லையென்றால் அதை மனசில் வைத்துக் குமையாதே. மறுநாளே அடுத்த வீட்டுக்கு ஓடாதே, இரண்டு நாளாவது தூங்கு. ஆறாவது விஷயத்தில் சொன்ன பணம் அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான். புது வீட்டுப் பாட்டியிடம் பழைய பாட்டியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் உன் துக்கம் ஆறவில்லை என்று அர்த்தம்.

ஆறாமலே வாரக்கணக்கில் போனால், சாப்பாடு பிடிக்காமல், உயிரோடு இருந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால், போன் எடு. ராஜா அண்ணாமலைபுரத்தில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா இருக்கிறது, எண் 044-24640050. தீர்ப்புச் சொல்லாமல், பெயர் கேட்காமல் கேட்டுக்கொள்வார்கள். அரசாங்கத்தின் டெலி-மானஸ் 14416, காசில்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். பேஷண்ட் தூங்கும் நேரத்தில் பால்கனியில் நின்று பேசினால் போதும். இந்த எண்களைப் பெயர் போடாமல் ‘அத்தை’ என்று பதிந்து வைத்துக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியும், நல்ல யோசனை.

14. பிரிட்டனுக்கு வேலைக்குப் போன ஒருத்தி சொன்னாள், அங்கே பராமரிப்பு ஊழியர்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம், வாடகை கட்ட முடியாமல் திண்டாடினால் அவசர உதவித்தொகை தருவார்களாம். நமக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆனால் ஏழைப் பெண்கள் தாங்களே சேர்ந்து பணம் புரட்டுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1978-ல் ஜெயா அருணாச்சலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் ஃபோரத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் பூக்காரிகளும் காய்கறிக்காரிகளும்தான். ஒரே பகுதியில் டூட்டி பார்க்கும் ஆறேழு பேர் சேருங்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்கார யாரும் காசு கேட்க மாட்டார்கள். மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு, கூட்டுக் கணக்கில் வையுங்கள், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி. வேலை நின்றவளுக்கு அதிலிருந்து இரண்டாயிரம், வட்டியில்லாமல், அடுத்த வீடு கிடைத்ததும் திருப்பித் தரவேண்டும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் ஆடி மாதத்தோடு தீர்ந்துவிடும்.

15. புது வீட்டுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அங்கே உனக்கு முன்பு இருந்தவளின் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசு. சம்பளம் தேதிக்கு வருகிறதா, படுக்க இடம் எங்கே, ஏன் விட்டாய் என்று கேள். கடைசிக் கேள்விக்கு அவள் மென்று விழுங்கினால் ஏஜென்சியில் வேறு வீடு கேள். நீ விலகி வரும்போது உன் நம்பரை அடுத்து வருகிறவளுக்குக் கொடுத்துவிட்டு வா.